சுங்கை சிப்புட்டில் இறங்கிவிட்டேன்

ஜொகூர் பாருவிலிருந்து மோட்டார் சைக்கிளில் கிளம்பி இரண்டாம் நாள். தாய்லாந்தின் ஹாட்யாய் தாண்டி பேங்காக் வரை போவதாகத் திட்டம். 500 கிலோமீட்டர் தாண்டியதும் முதுகு "போதும்டா" என்றது. சரி என்று ஈப்போவைத் தாண்டியிருக்கும் சுங்கை சிப்புட்டில் நிறுத்திவிட்டேன். ஈப்போவிலேயே தங்கியிருக்கலாமே என்று கேட்காதீர்கள். அங்கே அத்தை வீடு இல்லை.

பத்து மணி நேரம் தூங்கினேன். காலையில் எழுந்து செயினுக்கு எண்ணெய் விட்டு, கைலியோடு கடைக்கு நடந்தேன். தேநீர் கிளாஸின் அடியில் கலங்காத கெட்டிப்பால் ஒரு விரல் உயரம் நின்றது. கலக்கவில்லை, அப்படியே கடைசி மடக்குவரை வைத்துக் குடித்தேன். பக்கத்து மேசை ஐயா முன்பு பால்மரம் (ரப்பர்) வெட்டியவர். விரல் நுனியெல்லாம் இன்னும் காய்ப்பு. இப்போது சுற்றிலும் செம்பனைதான், எண்ணெய் எடுக்கும் பனை.

1948 ஜூன் 16-இல் இந்த வட்டாரத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அதையடுத்துக் கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக வந்த அவசரகாலம் 1960 வரை நீடித்தது என்று பள்ளியில் படித்ததுதான். தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்வேலி போட்டதை ஐயாவின் அப்பா சொல்வாராம். "மாடு மேய்க்கப் போறதுக்கும் நேரம் பார்க்கணும் தம்பி" என்றார். அது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

இன்றே புக்கிட் காயு ஈத்தாம் எல்லையைக் கடக்கவேண்டும். தாய்லாந்துக்கான வண்டிக் காப்புறுதி வேறு எடுக்கவேண்டும். அத்தையோ, "அங்க ஒரு மணி நேரம் பின்னாடிதானேய்யா? சாப்பிட்டுட்டே போ" என்கிறார். மீன் குழம்பு கொதிக்கிறது. ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டேன்.