சந்தியாகப்பர் பாதை: நடைக் குறிப்புகள்

செப்டம்பர் 11, ரோன்செஸ்வாயெஸ்

இயேசுவின் சீடர் சந்தியாகப்பரின் (யாக்கோபின்) கல்லறை இருப்பதாக நம்பப்படும் சாந்தியாகோ நகரை நோக்கி, ஸ்பெயினின் குறுக்கே செல்லும் பழைய திருப்பயணப் பாதை இது. பிரெஞ்சு எல்லையோரச் சிற்றூரான சான் ஜான் பியே த போரிலிருந்து விடியுமுன் புறப்பட்டு, பிரனீஸ் மலையைத் தாண்டி, மாலையில் ஸ்பெயினுக்குள் இறங்கினோம். தூரம் 25 கிலோமீட்டர்தான். ஆனால் 1,400 மீட்டர் உயரத்துக்கு மேல் ஏறி, பிறகு செங்குத்தாக இறங்க வேண்டும். உச்சியை நெருங்கியபோது மூடுபனி கவிந்துகொண்டது. எனக்கு முன்னால் போன பெண்ணின் முதுகுப்பையில் திருப்பயணி என்பதற்கு அடையாளமாகத் தொங்கிய சிப்பி மட்டுமே கண்ணுக்குத் தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். நவம்பர் முதல் மார்ச் முடிய இந்த மலைவழியை ஏன் மூடிவிடுகிறார்கள் என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அந்தப் பெண் பிரேசில்காரர். ஓய்வுபெற்ற செவிலியர், அறுபதைத் தாண்டியவர். கையில் செபமாலை. மலை இறக்கத்தில் என் முழங்கால் தடுமாறுவதைப் பார்த்து, தன் ஊன்றுகோல்களில் ஒன்றை என்னிடம் நீட்டினார். கொஞ்சம் ஸ்பானிஷ், கொஞ்சம் ஆங்கிலம், மீதிக்குக் கைஜாடை.

விடுதியில் வரவேற்றவர்கள் ஹாலந்திலிருந்து வந்த தொண்டர்கள். சம்பளம் இல்லை. தாங்களும் இந்தப் பாதையை நடந்தவர்களாம். செருப்புகளை எங்கே வைப்பது, நனைந்த துணியை எங்கே உலர்த்துவது என்று ஒவ்வொருவருக்கும் புதிதாகச் சொல்வதுபோலவே சொன்னார்கள். மாலைத் திருப்பலியின் முடிவில் திருப்பயணிகளுக்கு ஆசீர். வந்திருப்பவர்களின் நாடுகளைக் குருவானவர் வாசித்தார். இந்தியா என்று கேட்டபோது நெஞ்சு நிறைந்துபோனது.

செப்டம்பர் 14, புவென்தே லா ரெய்னா

அர்கா ஆற்றின் மேல் 11ஆம் நூற்றாண்டுக் கல்பாலம். ஆற்றைக் கடக்க முடியாமல் தவித்த திருப்பயணிகளுக்காக ஓர் அரசி கட்டுவித்தாள் என்பது மரபு. மாலை வெயிலில் அதன் நடுவே நின்று இருபுறமும் பார்த்தேன். ஆயிரம் ஆண்டுகளாக எத்தனை கால்கள்! கட்டியவர்களில் ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது.

செப்டம்பர் 16, லோஸ் அர்கோஸ்

இடது குதிகாலில் கொப்புளம். பிரேசில் அம்மா என் பாதத்தைத் தம் மடியில் வைத்து, ஊசியைச் சுட்டு, நீரை வடித்து, கட்டுப் போட்டார். “மகளே” என்றுதான் கூப்பிடுகிறார். இன்று இதற்கு மேல் எழுத முடியவில்லை.

செப்டம்பர் 19, கிரன்யோன்

காலையில் சான்டோ டொமிங்கோ தெ லா கல்சாதா ஊரைக் கடந்தோம். பேராலயத்துக்குள்ளேயே கூண்டில் உயிருள்ள வெள்ளைச் சேவலும் கோழியும் இருக்கின்றன. அநியாயமாகத் தூக்கிலிடப்பட்ட ஓர் இளம் திருப்பயணிக்காக, சமைத்துத் தட்டில் வைத்த கோழி எழுந்து கூவியது என்ற கதையின் நினைவு அது. எல்லோரும் அதைத்தான் படம் எடுக்கிறார்கள். என்னை நிற்கவைத்ததோ கீழே உள்ள கல்லறை, ஊருக்குப் பெயர் தந்த புனித டொமிங்கோவுடையது. டொமிங்கோ துறவியாக விரும்பினார், மடங்கள் ஏற்கவில்லை. அவர் காட்டுக்குள் போனார். திருப்பயணிகளுக்காக மரங்களை வெட்டிப் பாதை போட்டார், ஆற்றுக்குப் பாலம் கட்டினார், நோயாளிகளுக்கு மருத்துவமனை எழுப்பினார். 1109-இல் இறந்தார். மடத்தில் சேர்ந்திருந்தால் இந்த ஊரே இருந்திருக்காது.

கிரன்யோனில் தங்குமிடம் ஆலயத்தை ஒட்டியது. கட்டில் கிடையாது, தரையில் பாய்கள். கட்டணமும் கிடையாது. திறந்த பெட்டி ஒன்று இருக்கிறது: முடிந்ததைப் போடுங்கள், தேவையானால் எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருக்கிறது. வந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து காய் நறுக்கிச் சமைத்தோம். கிறிஸ்தவர் அல்லாத கொரிய மாணவி ஒருத்தி பானைகளைத் தேய்க்கும் வேலையைத் தானாக எடுத்துக்கொண்டாள்.

சாப்பிட்ட பிறகு பாடகர் மாடத்தில் கூடினோம். ஒரு மெழுகுவர்த்தி கைமாறிக் கைமாறி வரும். கையில் இருக்கும்போது பேசலாம், மௌனமாகவும் இருக்கலாம். எங்களோடு போலந்திலிருந்து ஒரு தந்தையும் மகனும் நடக்கிறார்கள். மகன் எப்போதும் அரை கிலோமீட்டர் முன்னால், தந்தை பின்னால். அவர்கள் சேர்ந்து நடந்து நான் பார்த்ததே இல்லை. மெழுகுவர்த்தி மகன் கைக்கு வந்தபோது அவன் போலிஷ் மொழியில் நீண்ட நேரம் பேசினான். எங்களில் அது ஒருவருக்கும் புரியவில்லை, தந்தையைத் தவிர. அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டே இருந்தார்.

செப்டம்பர் 21, சான் ஹுவான் தெ ஓர்தேகா

ஒரு காலத்தில் திருடர்கள் பதுங்கியிருந்த ஓகா மலைக்காடு வழியே இங்கே வந்தோம். டொமிங்கோவின் சீடர் ஹுவான் கட்டிய ஆலயம் இது. அவரும் பாலங்களும் பாதைகளும் அமைத்தவர், 1163-இல் மறைந்தார். பகலும் இரவும் சமமாகும் நாள்களில் மாலைக் கதிர் உள்ளே நுழைந்து, வானதூதர் மரியாவுக்கு மங்கள வார்த்தை சொல்லும் காட்சி செதுக்கிய ஒரு தூண்தலைப்பின் மேல் விழும். அதற்காகவே என் பயண நாள்களைக் கணக்கிட்டு வந்திருக்கிறேன். ஒளி சுவரில் நகர்ந்து நகர்ந்து அன்னை மரியாவின் முகத்தைத் தொட்டது. சில நிமிடங்கள்தான். யாரோ “அருள் நிறைந்த மரியே” செபத்தை இலத்தீனில் தொடங்க, நான் தமிழில் சேர்ந்துகொண்டேன். கொரியப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

போலந்துத் தந்தையும் மகனும் நாளை புர்கோஸில் விடைபெறுகிறார்கள். விடுமுறை அவ்வளவுதான், மீதியை அடுத்த ஆண்டு நடப்பார்களாம். இன்று முழுதும் இருவரும் ஒன்றாக நடந்தார்கள்.

செப்டம்பர் 26, கரியோன் தே லோஸ் கோன்தெஸ்

வெட்டவெளி, அறுத்த கோதுமை வயல், வானம். அகுஸ்தீன் சபைக் கன்னியர் மாலையில் கிடார் எடுத்துப் பாடினார்கள், எங்களையும் பாடச் சொன்னார்கள். நாளை 17 கிலோமீட்டருக்கு ஊரே இல்லை. தண்ணீர் நிரப்பியாயிற்று.

அக்டோபர் 6, ஓ செப்ரெய்ரோ

கலீசிய மலையுச்சி. கூரை வேய்ந்த வட்டக் கல்வீடுகள், பழைய ஆலயம், அப்பமும் இரசமும் சதையும் இரத்தமுமாக மாறின என்று சொல்லப்படும் நற்கருணைப் புதுமையின் கிண்ணம். ஆலய வளாகத்தில் இந்த ஊரின் பங்குத்தந்தை எலியாஸ் வலின்யாவின் மார்பளவுச் சிலை. நாங்கள் வழியெங்கும் நம்பி நடக்கும் மஞ்சள் அம்புக்குறிகள் அவர் தொடங்கியவை. 1980களில் ஒரு காரில் வண்ணப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு, கல்லிலும் மரத்திலும் சுவரிலும் தன் கையால் அம்பு வரைந்தார். மறந்துபோன பாதை அது. 1985-இல் சாந்தியாகோவில் திருப்பயணம் முடித்ததற்கான சான்றிதழ் வாங்கியவர்கள் ஆயிரம் பேர்கூட இல்லை. 2024-இல் ஏறக்குறைய 5 லட்சம் பேர். அவர் இறந்த ஆண்டு 1989. இந்தக் கூட்டத்தை அவர் பார்க்கவில்லை. சிலையின் முன் ஒரு செபமாலை முழுவதும் சொன்னேன்.

அக்டோபர் 9, போர்தோமரின்

நேற்றுக் கடந்த சாரியா ஊரிலிருந்து நடந்தால் சான்றிதழுக்குத் தேவையான 100 கிலோமீட்டர் நிறைவாகிவிடும். அதனால் கூட்டம் பெருகிவிட்டது. மலை தாண்டி வந்தவர்களில் சிலர் இவர்களை ஏளனமாகப் பார்க்கிறார்கள். எனக்கு அது மிகவும் வலிக்கிறது. இன்று ஒரு தாய், நடக்க முடியாத மகனைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு சேற்றில் வந்தாள். மேட்டில் ஆறு பேர் சேர்ந்து தூக்கினோம். அவளுடைய ஐந்து கிலோமீட்டருக்கு ஈடாக என் பிரனீஸைச் சொல்ல மாட்டேன்.

அக்டோபர் 14, சாந்தியாகோ தே கொம்போஸ்தெலா

மழையில் வந்து சேர்ந்தோம். பேராலயத்தில் பீடத்துக்கு அடியில், சந்தியாகப்பரின் வெள்ளிப் பேழை முன் மண்டியிட்டேன். வழியில் செபம் கேட்டுக்கொண்டவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சந்தியாகப்பரிடம் சொன்னேன். சிற்பி மேஸ்திரி மத்தேயோ 1188-இல் மேல்விட்டக் கற்களை நிலைநிறுத்திய மகிமை வாயிலின் முன் வெகுநேரம் நின்றேன். கல்லில் இறைவாக்கினர் தானியேல் புன்னகை செய்கிறார்!

அக்டோபர் 15, சாந்தியாகோ

கிரன்யோனில் எங்களுக்குப் பாய் விரித்தவரைப் போன்ற தொண்டர்களை அனுப்பும் அமைப்புக்கு இன்று கடிதம் எழுதினேன். பாதையை ஏற்கெனவே நடந்திருக்க வேண்டும், குறுகிய பயிற்சி பெற வேண்டும், இரண்டு வாரம் சேவை செய்ய வேண்டும். எந்த ஊர் விடுதி என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள். ஸ்பானிஷ் இன்னும் நன்றாகக் கற்க வேண்டும். பிரேசில் அம்மாவும் எழுதியிருக்கிறார். இருவருக்கும் ஒரே விடுதியில் இடம் கேட்டிருக்கிறோம். கொப்புளங்களை அவர் பார்த்துக்கொள்வார், சமையல் என் பொறுப்பு.