பவர் பட்டனை மூணு தடவை அமுக்கி பாத்திருக்கீங்களா?

புது போன் வாங்குன உடனே ரிங்டோன் மாத்துறோம், வால்பேப்பர் மாத்துறோம், ஆனா ஆபத்துல உதவிக்கு கூப்பிடுற எமர்ஜென்சி செட்டிங்னு ஒண்ணு உள்ள இருக்கே, அதை எத்தனை பேர் திறந்து பாத்திருப்போம்? எங்க ஆபீஸ்ல பொண்ணுங்க கிட்ட கேட்டா பாதி பேருக்கு அப்படி ஒண்ணு இருக்குறதே தெரியல.

இது ஏதோ கம்பெனிக்காரன் இஷ்டத்துக்கு குடுத்த வசதி இல்லைங்க. டெல்லி நிர்பயா சம்பவத்துக்கு அப்புறம், 2016ல மத்திய அரசு போட்ட உத்தரவு. 2017 ஜனவரியில இருந்து இந்தியாவுல விக்கிற போன்ல எல்லாம் பேனிக் பட்டன் இருந்தே ஆகணும்னு சொன்னாங்க. பட்டன் போன்னா 5 இல்ல 9 நம்பரை அமுக்கிப் பிடிக்கணும், ஸ்மார்ட் போன்னா பவர் பட்டனை மூணு தடவை டக்டக்னு அமுக்கணும், கால் 112ங்கிற அவசர உதவி நம்பருக்கு போகணும். ஐபோன்ல வெளிநாட்டுல அஞ்சு தடவை, நம்ம ஊர்ல மட்டும் மூணு. ஆனா ஆண்ட்ராய்டுல மாடலுக்கு மாடல் மாறுது, சிலதுல அஞ்சு தடவை, சிலதுல நாமளே ஆன் பண்ணாதான் வேலை செய்யும், அதனால உங்க போன்ல எப்படின்னு இன்னைக்கே பாத்துருங்க.

2019 கடைசியில ஹைதராபாத் பக்கம் அந்த கால்நடை டாக்டர் பொண்ணுக்கு நடந்த கொடுமைக்கு அப்புறம் தமிழ்நாட்டுல போலீஸோட பாதுகாப்பு ஆப்பான காவலன் பத்தி காலேஜ் காலேஜா போய் போலீஸ் சொன்னாங்க, எல்லாரும் போட்டி போட்டு டவுன்லோட் பண்ணாங்க. நல்ல ஆப்தான், சிவப்பு பட்டனை தொட்டா நாம இருக்குற இடம் கண்ட்ரோல் ரூமுக்கு போயிடும். ஆனா கை நடுங்குற நேரத்துல லாக் எடுத்து, ஆப் எங்கன்னு தேடிக்கிட்டு இருந்தா எப்படி? ஹேண்ட்பேக்குக்குள்ள கைய விட்டு பாக்காமலே அமுக்குற பட்டன்தான் என்னைக் கேட்டா முதல்ல, ஆப் எல்லாம் அப்புறம். நெட் இல்லேன்னாலும் 112க்கு சாதா கால் போகும்.

கூடவே உங்களோட எமர்ஜென்சி காண்டாக்டா யாரைப் போடுறீங்கன்னு யோசிங்க. பதினோரு மணிக்கு போனை சைலண்ட்ல போட்டு தூங்குற அப்பாவைப் போட்டு என்ன பிரயோஜனம், ராத்திரி முழிச்சிருக்குற ஃப்ரெண்டு பேரைப் போடுங்க.

நாம எங்க இருக்கோம்னு அடுத்தவங்களுக்கு காட்டிக்கிட்டே இருக்குற லைவ் லொகேஷன் மேட்டர் மட்டும் எனக்கு கொஞ்சம் இடிக்குது. வாட்ஸ்அப்ல 15 நிமிஷம், ஒரு மணி நேரம், எட்டு மணி நேரம்னு இருக்கு, ராத்திரி கேப்ல ஏறும்போது ஒரு மணி நேரம் போதும். ஆனா சில வீட்டுல "சேஃப்டிக்குத்தான்"னு சொல்லி கூகுள் மேப்ஸ்ல நாள் முழுக்க ஷேர் பண்ண வெச்சுட்டு, ஏன் தி.நகர்ல நின்ன, கூட யாருன்னு சாயங்காலம் விசாரணை நடக்குது. இதுக்கு பேரு பாதுகாப்பா? ஆன் பண்றதும் ஆஃப் பண்றதும் அந்தப் பொண்ணு கையில இருக்கணும், கோவிச்சுக்கிற அண்ணன் கோவிச்சுக்கட்டும்.