இருபத்தொரு நாள்

மார்ச் 3
காலை 9 மணிக்கு முதல் டோஸ். 12 எலிக்கு மருந்து, 12 எலிக்கு வெறும் தண்ணீர். டிபன் முடிந்து அம்மாவும் போட்டுவிட்டாளாம், தம்பி போன் செய்தான். அதே ஃப்ளூஆக்ஸெட்டின், மனச்சோர்வுக்கான மருந்து.

மார்ச் 5
சேலத்தில் இப்போதே இந்த வெயில். எலி அறை ஏசியை இரண்டு முறை போய்ப் பார்த்தேன்.

மார்ச் 9
அம்மாவுக்குப் படபடப்பு கூடிவிட்டது. "இதைப் போட்டதுலருந்துதான் இப்படி, எனக்கு வேண்டாஞ்சாமி" என்கிறாள். முதல் மாத்திரையிலேயே செரட்டோனின், மூளை நரம்புகளுக்குள் சேதி கடத்துகிற வேதிப்பொருள், கூடத்தான் செய்கிறது. ஆனால் அதைச் சுரக்கிற, மூளைத்தண்டில் இருக்கிற ரேஃபி நரம்பணுக்கள் மேலேயே அதை உணர்கிற 5-எச்டி1ஏ ஏற்பி உட்கார்ந்திருக்கிறது. செரட்டோனின் கூடினால் அணுவை அடக்கிவிடும், பிரேக் மாதிரி. விடாமல் கொடுத்தால் இரண்டு மூன்று வாரத்தில் அந்தப் பிரேக் மழுங்கும். இதையெல்லாம் போனில் எப்படிச் சொல்ல? "இன்னும் ரெண்டு வாரம் பொறுத்துக்கம்மா" என்றேன்.

மார்ச் 10
தூக்கமில்லை.

மார்ச் 14
மருந்து படாத எலி ஒன்றுக்கு டிபாட் ஊசி போட்டுப் பார்த்தேன், அந்த 5-எச்டி1ஏ ஏற்பியை நேராகத் தூண்டுகிற மருந்து. கொஞ்ச நேரத்தில் வயிறு தரையோடு ஒட்டிவிட்டது. முன்கால் இரண்டும் மாற்றி மாற்றி, மாவு பிசைகிற மாதிரி. கீழுதடு தொங்கிப் பல் தெரிந்தது. உடம்புச் சூடு 37.8லிருந்து 36.2. மருந்து எலிகளுக்கு 22ஆம் நாள் இதே ஊசி. சூடு குறைவாக இறங்கினால் பிரேக் மழுங்கிவிட்டது. அம்மாவுக்கு அப்படி ஒரு ஊசி இல்லை. குரலை வைத்துத்தான் பார்க்கிறேன்.

மார்ச் 19
ஏற்காடு. மழை பெய்து காப்பிப் பூ வெள்ளையாக விரிந்து கிடக்கிறது, வீட்டுக்குள்ளேயே வாசம். அரிசி டப்பாவுக்குப் பின்னால் மாத்திரை அட்டை. 30இல் 13 மிச்சம் இருக்க வேண்டும். 18 இருக்கிறது.
"படபடன்னு வந்தா அன்னிக்கு விட்டுருவேன்."
கத்திவிட்டேன். எலிகளுக்கு அந்த இஷ்டம் கிடையாது, தினமும் நான்தான் கழுத்தைப் பிடித்துக் குழாயை இறக்குகிறேன். அம்மாவிடமும் அப்படியே பேசியிருக்கிறேன்.

மார்ச் 20
ஃப்ளூஆக்ஸெட்டின் சட்டென்று போகாது. மனித உடம்பில் அது நார்ஃப்ளூஆக்ஸெட்டினாக மாறும், அதுவும் வேலை செய்யும், அதில் பாதி கழியவே ஒரு வாரம் போல ஆகும். விட்ட 5 நாளும் வெறும் நாள் இல்லை. வெறும் நாள் இல்லை.

மார்ச் 22
அம்மா போன் எடுக்கவில்லை. தம்பி தோட்டத்தில் இருக்கிறான்.

மார்ச் 23
எலிகளுக்கு 21. அம்மாவுக்கு எத்தனை என்று எண்ணுவது?

மார்ச் 24
முதல் எலி 37.6, ஊசிக்குப் பிறகு 37.1. இரண்டாவதும் கிட்டத்தட்ட அப்படித்தான். மூன்றாவது கையில் இருக்கும்போது போன் அடித்தது. அம்மா. கையுறையோடு எடுக்க முடியவில்லை. இன்னும் 9 எலி