எம்.பி. அலுவலகத்தில் இன்டர்ன்ஷிப்

கல்லூரி இறுதியாண்டில் மக்களவை உறுப்பினர் ஒருவரின் டெல்லி அலுவலகத்தில் இன்டர்னாக இருந்தேன். சேர்ந்த கதையில் சுவாரசியம் எதுவும் இல்லை. பயோடேட்டாவோடு ஒரு கட்டுரையும் அனுப்பினேன், உதவியாளர் போனில் பேசினார், வரச் சொல்லிவிட்டார். சம்பளம் கிடையாது.

கூட்டத்தொடர் சமயத்தில் எங்கள் வேலை பெரும்பாலும் கேள்வி எழுதுவதுதான். எம்.பி. எழுந்து கேட்பதை டிவியில் பார்க்கிறோமே, அதைக் குறைந்தது 15 நாள் முன்பே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். 150 சொல்லைத் தாண்டக்கூடாது. வாதம், கிண்டல், குற்றச்சாட்டு எதற்கும் இடமில்லை.

தொகுதியிலிருந்து ஒரு மனு வந்திருந்தது. ஊரில் எக்ஸ்பிரஸ் ரயில் நிற்பதில்லை என்று இரண்டு பக்கத்துக்குக் கோபம். அதைக் கேள்வியாக்கும்போது "(அ) அந்த நிலையத்தில் நிறுத்தம் கோரி மனுக்கள் வந்துள்ளனவா, (ஆ) ஆம் எனில், விவரம், (இ) இல்லை எனில், காரணம்" என்று வற்றிப்போய்விடுகிறது. உதவியாளர் அண்ணன் இதில் கில்லாடி. "நடவடிக்கை எடுக்கப்படுமான்னு கேட்டா, பரிசீலிக்கப்படும்னு ஒரே வரியில முடிச்சிடுவாங்க தம்பி. எத்தனை மனு, எந்த வருஷம், எதை வெச்சு முடிவு பண்றீங்கன்னு கேளுங்க" என்பார். அந்த இன்டர்ன்ஷிப்பில் கற்றதில் உருப்படியானது இதுதான்.

அப்புறம் குலுக்கல். வந்து குவியும் கேள்விகளில் எவை எடுக்கப்படும் என்பதை அதுதான் முடிவு செய்யும். ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் 20தான். அமைச்சர் நேரில் பதில் சொல்வதும், துணைக் கேள்வி கேட்க முடிவதும் அவற்றுக்கு மட்டுமே. அந்த 20-லும் பெரும்பாலும் பாதிகூட எட்டாமல் கேள்வி நேரம் முடிந்துபோகும். நாள் ஒன்றுக்கு 230 வரை வரும் மற்ற கேள்விகளுக்கு எழுத்தில் மட்டும்தான் பதில். எங்களுடையது அந்த எழுத்துப் பதில் வரிசையில் போய்ச் சேர்ந்தது.

பதிலும் வந்தது: ரயில் நிறுத்தம் என்பது இயக்க வசதியையும் பயணிகள் போக்குவரத்தையும் பொறுத்துத் தொடர்ந்து பரிசீலிக்கப்படுவது என்று. இதே வாசகம் பழைய பதில்களிலும் அப்படியே இருக்கிறது. ஆனால் இந்த முறை வந்த மனுக்களின் எண்ணிக்கையையும் கொடுத்திருந்தார்கள். அதை மேற்கோள் காட்டி அமைச்சருக்குக் கடிதம் தயாரித்தோம், நகலை மனு கொடுத்தவருக்கு அனுப்பினோம்.

இந்த வேலைக்குப் போகிறவர்கள் மக்களவை இணையதளத்தில் பழைய கேள்வி-பதில்களைப் படித்துவிட்டுப் போங்கள். ஏற்கெனவே பதில் வந்த கேள்வியைத் திரும்பக் கேட்டால் அனுமதிக்க மாட்டார்கள்.