பன்னிரண்டாம் வகுப்பிலும் பேஸ்பால்

ஒசாகாவுக்கு வந்த புதிதில் மொழிப் பரிமாற்றத்துக்குப் பெயர் கொடுத்திருந்தேன். எனக்குத் துணையாக அமைந்தவர், நடுநிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா. பாதி நேரம் ஜப்பானியம், பாதி நேரம் ஆங்கிலம் என்று ஏற்பாடு. பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் பள்ளிக்கூடத்தில்தான் போய் நிற்கும்.

ஒருநாள் எங்கள் ஊர் வழக்கத்தைச் சொன்னேன். பொதுத்தேர்வு வருஷம் வந்தால் பி.டி. பீரியடைக் கணக்கு சார் எடுத்துக்கொள்வார். மைதானத்தில் நிற்கிற பிள்ளையைப் பார்த்தால், "படிக்கிற வேலை இல்லையா?" என்று வீட்டிலும் கேட்பார்கள். "அப்படியென்றால் பிள்ளைகள் எப்போதுதான் ஓடுவார்கள்?" என்றார் அவர்.

இங்கே வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளே அறையைக் கூட்டித் துடைத்துவிட்டு 'புகாட்ஸு' என்கிற பள்ளி மன்றப் பயிற்சிக்குப் போகிறார்கள். பேஸ்பால், கெண்டோ என்கிற மூங்கில் வாள் சண்டை, பித்தளை வாத்தியக் குழு என ஏதாவதொரு மன்றம். மேல்நிலைப் பள்ளியின் கடைசி வருஷத்திலும் கோடைப் போட்டியில் தோற்கும்வரை பலர் ஆடுகிறார்கள். அதற்குப் பிறகுதான் மன்றத்திலிருந்து விலகி, ஜனவரியில் வரும் பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வுக்கு முழுமூச்சாக உட்காருகிறார்கள். நம் பிள்ளைகளுக்கும் அந்த ஒரு கோடையைக் கொடுத்தால் என்ன என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

ஆகஸ்ட்டில் அந்த அம்மா என்னை கோஷியென் பேஸ்பால் மைதானத்துக்குக் கூட்டிப் போனார். ஒசாகாவின் உமேடாவில் ஹன்ஷின் ரயில் ஏறினால் பக்கம்தான். 1915-ல் தொடங்கிய பள்ளிகளுக்கான பேஸ்பால் போட்டி, 1924 முதல் இந்த மைதானத்தில் நடக்கிறது. மாநிலத்துக்கு ஒரு பள்ளி, டோக்கியோவுக்கும் ஹொக்கைடோவுக்கும் இரண்டிரண்டு என்று மொத்தம் 49 அணிகள். ஒரு தோல்வியோடு ஊர் திரும்ப வேண்டியதுதான். ஆட்டம் முடிந்ததும் ஜெயித்த பள்ளியின் பாட்டு ஒலித்தது. தோற்ற பையன்கள் மண்டியிட்டு, அழுதபடியே மைதானத்தின் கருமண்ணை நினைவுக்காகக் கைகளால் வாரிப் பைகளில் போட்டுக்கொண்டார்கள்.

அந்த அம்மாவின் கண் அவர்கள்மேல் இல்லை. அணியில் 20 பேருக்குத்தான் இடம். மிச்சப் பையன்கள் அதே சீருடையில் வெயிலில் நின்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள். "மூன்று வருஷம் பந்து பொறுக்கிப்போட்டவன் அங்கே நிற்கிறான். அவனைப் பாருங்கள்" என்றார்.

ஆனால் அவர் இதைக் கண்ணை மூடிக்கொண்டு புகழ்பவர் அல்ல. டென்னிஸ் மட்டையைத் தொட்டே அறியாத அவரைத்தான் பள்ளி டென்னிஸ் மன்றத்துக்குப் பொறுப்பாக்கியது. சனி, ஞாயிறெல்லாம் அதிலேயே போனதாம். சொந்தப் பிள்ளையின் விளையாட்டு விழாவுக்குக்கூடப் போக முடியவில்லை என்று சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. வாரம் இரண்டு நாள் மன்றத்துக்கு விடுமுறை, வேலைநாளில் இரண்டு மணி நேரப் பயிற்சி போதும் என்று அரசு 2018-ல் வழிகாட்டுதல் கொடுத்தது. 2023 முதல் வார இறுதிப் பயிற்சியை ஊர்ச் சங்கங்களிடம் மாற்றும் முயற்சியும் நடக்கிறது. ஆசிரியர்களுக்கு நல்லதுதான். ஆனால் சங்கத்துக்குக் கட்டணம் என்று வந்தால் வசதியில்லாத பிள்ளை வெளியே நின்றுவிடுமே என்பது அவர் கவலை. எனக்கும் அதே கவலைதான்.

ஏப்ரலில் என் மகள் நடுநிலைப் பள்ளியில் சேருகிறாள். டேபிள் டென்னிஸ் என்று முடிவு செய்துவிட்டாள். மன்றத்துக்கு எந்தெந்த நாள் விடுமுறை என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறார் அந்த அம்மா. பயிற்சியை நிறுத்தச் சொல்லி நான் மட்டும் கேட்கப் போவதில்லை, தேர்வு வருஷத்திலும்.