வைஃபை டெஸ்ட் பெஞ்ச்: சாதனத்துக்கு முன் பாதையை அளந்து பாருங்கள்

புது ஆக்சஸ் பாயின்ட் போர்டு ஒன்று கையில் வந்ததும் பக்கத்தில் லேப்டாப்பை வைத்து ஐபெர்ஃப் என்னும் வேகச் சோதனை மென்பொருளை ஓட்டிப் பார்ப்பது வழக்கம். ஒரு தடவை 600 மெகாபிட் வரும், நாற்காலியைத் தள்ளி உட்கார்ந்தால் 420 வரும். இதில் போர்டின் பங்கு எவ்வளவு, அறையின் பங்கு எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால்தான் உருவாக்கக் கட்டத்தில் வைஃபை சோதனையைக் காற்றிலிருந்து எடுத்துக் கேபிளுக்குள் போடுகிறார்கள். ஆனால் கேபிளுக்குள் போட்டுவிட்டதாலேயே எண்கள் நம்பகமானவை ஆகிவிடாது. பெஞ்சில் வரும் தப்பான முடிவுகளில் பெரும்பங்கு கேபிள், கனெக்டர், அட்டெனுவேட்டர் (சிக்னலை வேண்டுமென்றே பலவீனமாக்கும் பாகம்), ஷீல்ட் பெட்டி (வெளி ரேடியோ அலைகளைத் தடுக்கும் பெட்டி) ஆகியவற்றால் வருவது. போர்டின் மேல் பழி அப்புறம்தான்.

முதலில் கணக்கு. போர்டின் ஒரு ஆன்டெனா போர்ட்டிலிருந்து +20 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்டு டெசிபெலில், அதாவது டிபியில், சொல்லும் சக்தி அளவு) வெளியே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 20 மெகாஹெர்ட்ஸ் சேனலில் 6 மெகாபிட் வேகத்துக்குத் தரநிலை கேட்கும் குறைந்தபட்ச சென்சிட்டிவிட்டி (ரிசீவரால் சரியாக வாங்க முடிகிற மிகக் குறைந்த சிக்னல்) −82 டிபிஎம். நல்ல சிப்புகள் அதைவிட 8, 10 டிபி கீழேயும் வாங்கும். ஆகவே இணைப்பு அறுந்துபோகும் இடத்தைப் பார்க்க வேண்டுமானால் 115 டிபிக்கு மேல் இழப்பு தேவை. மறுமுனையில், 5 கிகாஹெர்ட்ஸில் ரிசீவர் தாங்க வேண்டிய உச்ச அளவு −30 டிபிஎம், 2.4-இல் −20. அதாவது 5 கிகாஹெர்ட்ஸில் 50 டிபிக்குக் குறைவான இழப்பில் எடுத்த எண்ணுக்கு அர்த்தமில்லை. ஒப்பீட்டுக்கு: திறந்த வெளியில் ஒரு மீட்டர் தூரத்துக்கு 2.4 கிகாஹெர்ட்ஸில் இழப்பு சுமார் 40 டிபி, 5.5-இல் 47, தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டிபி கூடும்.

இந்த இழப்பை 20 அல்லது 30 டிபி நிலையான பேட் (மாறாத இழப்புள்ள அட்டெனுவேட்டர்) ஒன்று, 0 முதல் 95 டிபி வரை கணினியால் மாற்றக்கூடிய அட்டெனுவேட்டர் ஒன்று என்று பிரித்துக்கொள்ளலாம். நிலையான பேடை ஆக்சஸ் பாயின்ட் பக்கம் மாட்டுங்கள். தவறுதலாக அட்டெனுவேட்டர் பூஜ்யத்துக்குப் போனாலும் எதிர்ப்பக்க எல்என்ஏ (ரிசீவரின் முதல் ஆம்ப்ளிஃபையர்) பிழைக்கும். போர்ட்டின் இம்பீடன்ஸ் பொருத்தமின்மையால் சிக்னல் எதிரொலித்து வரும் சிற்றலைகளும் தணியும். மாற்றத்தக்க அட்டெனுவேட்டரைப் பூஜ்யத்தில் வைத்தாலும் அதற்கென்று சில டிபி இழப்பு உண்டு, அது அதிர்வெண்ணோடு ஏறும். கையிருப்பில் உள்ள பல பாகங்கள் 6 கிகாஹெர்ட்ஸ் வரைக்குமானவை. வைஃபை 6இ பட்டையோ 5.925 முதல் 7.125 வரை ஓடுகிறது. பழைய ஸ்ப்ளிட்டரை (சிக்னலைப் பிரிக்கும் பாகம்) எடுத்து 6இ சோதனைக்கு மாட்டிவிட்டு மேல் சேனல்களில் போர்டு மோசம் என்று அறிக்கை எழுதுவது நடக்கிற காரியம்தான்.

இனி கசிவு. இதைத்தான் எல்லோரும் குறைத்து எடைபோடுகிறார்கள். ஆக்சஸ் பாயின்ட் ஒரு பெட்டியில், கிளையன்ட் இன்னொரு பெட்டியில். இரண்டுக்கும் இடையே கேபிள் வழியாக 115 டிபி வைத்திருக்கிறீர்கள். ஆனால் கதவு இடுக்கு, ஈதர்நெட் வயர், மலிவான ஒற்றைப் பின்னல் கேபிள் வழியாக 100 டிபியில் ஒரு கள்ளப் பாதை இருந்தால், ரிசீவருக்குக் கேட்பது கசிவுதான். கேபிளில் வருவது அதைவிட 15 டிபி பலவீனம். அறிகுறி தெளிவாகத் தெரியும்: அட்டெனுவேஷனை ஏற்ற ஏற்ற வேகம் இறங்கிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் தட்டையாகி நின்றுவிடும். நல்ல ரிசீவர் என்று அதைப் பார்த்து மகிழ வேண்டாம்.

சோதித்துப் பார்ப்பது சுலபம். பிரதான கேபிளைக் கழற்றிவிட்டு இரு முனைகளிலும் 50 ஓம் டெர்மினேட்டர் (சிக்னலை விழுங்கிவிடும் மூடி) மாட்டுங்கள். கதவுகளை மூடிவிட்டுக் கிளையன்ட்டில் ஸ்கேன் ஓட்டுங்கள். பீக்கன் (ஆக்சஸ் பாயின்ட் விட்டுவிட்டு அனுப்பும் அறிவிப்பு) தெரிந்தால் அதன் ஆர்எஸ்எஸ்ஐ, அதாவது வாங்கிய சிக்னலின் வலிமைதான் உங்கள் கசிவின் அளவு. சோதிக்கப் போகும் மிகக் குறைந்த சிக்னலைவிடக் கசிவு 20 டிபி கீழே இருக்க வேண்டும். அப்போதும் இரண்டும் ஒன்றோடொன்று கூடிக் கழிந்து முக்கால் முதல் ஒரு டிபி வரை ஆட்டம் காட்டும். எவ்வளவு ஆட்டத்தைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பதை அதை வைத்துத் தீர்மானியுங்கள். போர்டில் பயன்படாத ஆன்டெனா போர்ட்கள் இருந்தால் அவற்றுக்கும் டெர்மினேட்டர் போட மறக்க வேண்டாம். திறந்து கிடக்கும் போர்ட்டும் ஒரு குட்டி ஆன்டெனாதான்.

பெட்டிக்குள் போகும் டேட்டா வயர்கள் தனித் தலைவலி. யுஎஸ்பி 3.0-வின் 5 கிகாபிட் ஓட்டம் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையிலேயே அகன்ற இரைச்சலைக் கொட்டும். பெட்டிக்குள் யுஎஸ்பி 3 ஹப் ஒன்றை வைத்துவிட்டால் 2.4 சென்சிட்டிவிட்டி பல டிபி கெட்டுப்போகும், 5 கிகாஹெர்ட்ஸ் முடிவுகள் நன்றாகவே இருக்கும். இப்படி ஒரு பட்டை மட்டும் கெட்டால் ஹப்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். முடிந்தவரை டேட்டாவை ஃபைபர் வழியாகக் கொண்டுபோங்கள், மின்சாரத்துக்கு ஃபில்டர் பொருத்திய இணைப்பு.

கனெக்டர் விஷயத்தில் இரண்டே எச்சரிக்கை. எஸ்எம்ஏவும், நடு ஊசியை மறுபக்கம் மாற்றிய ஆர்பி-எஸ்எம்ஏவும் திருகு பிடிப்பதில் ஒன்றுபோலவே இருக்கும். சில ஜோடிகளில் நடு ஊசி எதையும் தொடாது. அப்படியிருந்தும் கசிவில் சிக்னல் வந்து ஆளை ஏமாற்றும். போர்டில் உள்ள யு.எஃப்.எல் என்னும் குட்டி கனெக்டர் சுமார் 30 தடவை மாட்டிக் கழற்றுவதற்குத்தான் உத்தரவாதம். சிறு கேபிள் ஒன்றை நிரந்தரமாக மாட்டிவைத்துவிட்டு மறுமுனையில் மட்டும் கை வையுங்கள். பிறகு ஒவ்வொரு பாதையின் இழப்பையும், நீங்கள் பயன்படுத்தும் ஒவ்வொரு சேனலின் நடு அதிர்வெண்ணிலும், நெட்வொர்க் அனலைசரில் (அதிர்வெண்வாரியாக இழப்பை அளக்கும் கருவி) அளந்து அட்டவணையாக்குங்கள். 4×4 அமைப்பில் நான்கு பாதைகளும் அரை டிபிக்குள் ஒத்துப்போகாவிட்டால் கேபிளை மாற்றுங்கள்.

அனுப்பும் பக்கத்தில் முக்கிய எண் இவிஎம்: அனுப்பிய சிக்னல் சரியான வடிவிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதன் அளவு. மாடுலேஷன் (க்யூஏஎம்), கோடிங் விகிதம் (5/6) வாரியாகத் தரநிலையின் எல்லைகள்: 64-க்யூஏஎம் 5/6-க்கு −27 டிபி, 256-க்யூஏஎம் 5/6-க்கு −32, 802.11ஏஎக்ஸின் 1024-க்கு −35, 802.11பிஇயின் 4096-க்கு −38. எல்லை இறங்க இறங்க அதை அளக்கும் சிக்னல் அனலைசரின் சொந்தப் பிழையும் கணக்கில் சேரும்: கருவியின் அடித்தளம் அளக்கும் மதிப்பைவிட 10 டிபி கீழே இருந்தால் பிழை சுமார் 0.4 டிபி; இரண்டும் சமமானால் 3 டிபி. −40-இல் நிற்கும் பழைய அனலைசரை வைத்துக்கொண்டு −38-ஐச் சரிபார்க்கிறேன் என்பது வேடிக்கை. ஓஎஃப்டிஎம் (வைஃபை பயன்படுத்தும் பல துணையலை முறை) சிக்னலின் உச்சம் சராசரியைவிட 10 டிபிக்கு மேல் ஏறும் என்பதால், உள்ளீட்டு வரம்பைச் சராசரியை வைத்து அமைத்தால் அனலைசரே உச்சங்களை வெட்டிவிடும். பழியோ பவர் ஆம்ப்ளிஃபையர் மேல் விழும். ஈக்வலைசர் (பாதையின் விளைவைக் கணித்து நீக்கும் பகுதி) அமைப்பையும் பாருங்கள். தரநிலைப்படி சேனல் மதிப்பீடு பாக்கெட்டின் தொடக்கப் பகுதியான பிரீஆம்பிளிலிருந்து மட்டும்தான். முழு பாக்கெட்டையும் சேர்த்துக் கணிக்கும் அமைப்பில் எண் அழகாக வரும், அடுத்தவர் ஆய்வகத்தில் மட்டும் வராது. குறைந்தது 20 பாக்கெட், ஒவ்வொன்றிலும் 16 சிம்பல் வேண்டும். சராசரி காட்டும் பவர் மீட்டர் என்றால் பர்ஸ்டுக்குள் மட்டும் அளக்கும்படி கேட் செய்யுங்கள். இல்லாவிட்டால் 10 சதவீத டியூட்டி சைக்கிளில் (பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் சிக்னல் இருக்கும்போது) அது 10 டிபி குறைத்துக் காட்டும்.

வாங்கும் பக்கத்தில் பாக்கெட் பிழை விகிதம் 10 சதவீதத்தைத் தொடும் இடம்தான் சென்சிட்டிவிட்டி, 802.11ஏ காலத்தில் 1000 பைட் பாக்கெட், 802.11என் முதல் 4096 பைட். 1000 பாக்கெட் அனுப்பி 10 சதவீதம் அளந்தால் புள்ளியியல் விலகல் மட்டுமே கிட்டத்தட்ட ஒரு சதவீதம். அதனால் 9.6 தேறியது, 10.3 தோற்றது என்று சண்டை போடுவதில் பயனில்லை. அந்த ஒற்றை எண்ணைவிட முழு வளைவு அதிகம் சொல்லும். −20 டிபிஎம்மில் (5 கிகாஹெர்ட்ஸில் −30) தொடங்கி ஒவ்வொரு டிபியாக இறக்கி, ஒவ்வொரு படியிலும் பிழையைக் குறித்துக்கொள்ளுங்கள். இரு முனையிலும் சுத்தமாக இருந்து, நடுவே −45 அல்லது −55 பக்கம் ஒரு சிறு மேடு எழுந்தால், அது ஏஜிசி (தானியங்கி கெயின் கட்டுப்பாடு) எல்என்ஏவின் கெயினை மாற்றும் இடம். வாடிக்கையாளர் வீட்டில் நடு அறையில் மட்டும் வேகம் விழும் புகார்களின் வேர் இப்படியும் இருக்கலாம். சென்சிட்டிவிட்டியை மட்டும் பார்க்கும் உற்பத்திச் சோதனை இதைப் பிடிக்கவே பிடிக்காது.

சிக்னல் ஜெனரேட்டர் ஒருவழியாக அனுப்பி, சிப் எண்ணிச் சொல்லும் முறையில் இந்த வளைவை எடுப்பது நல்லது. இணைப்பு ஏற்படுத்தி ஏக் (பாக்கெட் வந்து சேர்ந்தது என்னும் பதில்) எண்ணும் முறையில், டேட்டா சரியாக வந்து ஏக் மட்டும் தொலைந்தாலும் அது ரிசீவரின் தவறாகவே பதிவாகும்.

மிமோவில் (பல ஆன்டெனாக்களில் ஒரே நேரத்தில் பல ஸ்ட்ரீம்கள் அனுப்பும் முறை) போர்ட்டுக்குப் போர்ட் நேராகக் கேபிள் போட்டால் ஸ்ட்ரீம்கள் ஒன்றோடொன்று கலக்கவே கலக்காது. நிஜ உலகில் கிடைக்காத சொர்க்கம் அது. அதில் வரும் வேகத்தை உச்ச வரம்பாக மட்டும் பாருங்கள். பட்லர் மேட்ரிக்ஸ் (போர்ட்களின் சிக்னல்களைக் கலந்து தரும் பாகம்) ஒன்றை நடுவே வைத்தால் ஓரளவு கலப்பு வரும். அதற்கு மேல், நிஜ அறைகளின் எதிரொலிகளைப் போலவே உருவாக்கித் தரும் சேனல் எமுலேட்டர்தான்: 802.11என் குழுவின் டிஜிஎன் மாதிரிகளில் பி-க்கு 15 நானோநொடி தாமதப் பரவல், டி-க்கு 50, எஃப்-க்கு 150. நடப்பவரின் வேகமாக அவற்றில் வைத்திருப்பது மணிக்கு 1.2 கிலோமீட்டர். எமுலேட்டரின் இவிஎம் அடித்தளத்தையும் கேட்டு வாங்குங்கள். 4096-க்யூஏஎம்முக்குப் பல பழைய மாடல்கள் போதாது.

அப்லிங்க் ஓஎஃப்டிஎம்ஏவுக்கு (பல கிளையன்ட்கள் ஒரே சேனலைப் பங்கிட்டு ஒரே நேரத்தில் அனுப்பும் முறை) சோதனைக் கருவியே ட்ரிகர் பிரேமை (இப்போது அனுப்பு என்னும் அழைப்பு) அனுப்பியாக வேண்டும். கிளையன்ட் தன் அதிர்வெண் பிழையை 350 ஹெர்ட்ஸுக்குள் திருத்திக்கொண்டு, 0.4 மைக்ரோநொடிக்குள் நேரம் பிசகாமல் பதில் தர வேண்டும். வெறுமனே ஒளிபரப்பும் ஜெனரேட்டரால் இதை அளக்க முடியாது.

பாக்கெட்டுகளை ஒட்டுக்கேட்கும் ஸ்னிஃபரை 20 டிபி டைரக்ஷனல் கப்ளர் (சிக்னலின் சிறு பங்கை மட்டும் எடுத்துத் தரும் பாகம்) வழியாக மாட்டுவது வழக்கம். அட்டெனுவேட்டருக்கு ஆக்சஸ் பாயின்ட் பக்கம் மாட்டினால், அட்டெனுவேஷன் ஏறியதும் கிளையன்ட்டின் ஏக்குகள் அதன் காதில் விழாது. பாக்கெட்டுகளைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளில் கிளையன்ட் மௌனமாக இருப்பதுபோலத் தோன்றும். இரு பக்கமும் ஒவ்வொன்று வைத்து, நேர முத்திரைகளைப் பீக்கனின் டிஎஸ்எஃப் (ஆக்சஸ் பாயின்ட்டின் கடிகாரம்) மதிப்பை வைத்து ஒட்டுங்கள். ஸ்னிஃபர் கார்டின் ஸ்ட்ரீம் எண்ணிக்கை சோதிக்கும் சாதனத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். ஓஎஃப்டிஎம்ஏ பிரேம்களில் பல கார்டுகள் ஒரே ஒரு பயனரின் பங்கை மட்டும் பிரித்துத் தரும். எந்தப் பயனர் என்பதை அசோசியேஷன் பதிலில் வரும் ஏஐடி என்னும் கிளையன்ட் எண்ணைப் பார்த்து முன்கூட்டியே அமைத்துவிட வேண்டும். கிளையன்ட் துண்டித்து மறுபடி இணைந்தால் ஏஐடி மாறக்கூடும், அப்போது அதையும் மாற்றியாக வேண்டும்.