அம்மாவைத் துபாய்க்கு ஏற்றிவிட்ட கதை

அண்ணிக்கு அப்போது ஆறாம் மாதம். "பிரசவத்துக்கு அம்மா வந்து ரெண்டு மாசம் இருக்கட்டும்" என்று அண்ணன் துபாயிலிருந்து சொன்னான். விசா, டிக்கெட், ஒரு பெட்டி, அவ்வளவுதானே என்று நானும் தலையாட்டிவிட்டேன். அம்மாவிடம் பாஸ்போர்ட் இருந்தது. அண்ணன் முதன்முதலில் வேலைக்குப் போனபோது எடுத்தது, பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் புத்தம்புதிதாகக் கிடந்தது.

அதைப் படம் எடுத்து அனுப்பினேன். பத்து நிமிடத்தில் அண்ணனிடமிருந்து போன். "சர்நேம் எங்கடி?"

இல்லை. நம் ஊரில் யாருக்குத்தான் இருக்கிறது? அம்மாவுக்குப் பெயர் ஒரே சொல், சர்நேம் கட்டம் காலி. 2022 நவம்பர் 21 முதல், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா, விசிட் விசாவில் அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் சொல்லிவிட்டது. பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் போதும் என்று அப்புறம் கொஞ்சம் தளர்த்தினார்கள். அம்மாவுக்கு அது இருந்தது. "பரவாயில்ல மேடம், போய்டலாம்" என்றார் டிராவல்ஸ்காரர். எனக்குத்தான் அந்தப் 'பரவாயில்ல' பிடிக்கவில்லை. செக்-இன் கவுன்டரில் இருப்பவருக்கு அந்தத் தளர்வு தெரியாவிட்டால், அங்கே நிற்கப்போவது 62 வயது அம்மா. கையில் இரண்டரை மாதம் இருந்தது. பெயரையே திருத்திவிடலாம் என்று முடிவெடுத்தோம்.

இனிஷியலை எழுதினால் பாஸ்போர்ட்டில் ஏற்க மாட்டார்கள், விரித்து எழுத வேண்டும். கணவர் பெயராக எங்கள் அப்பா பெயரைச் சேர்க்கலாம் என்றால் திருமணச் சான்றிதழ் கேட்பார்களோ என்று தோன்றியது. கல்யாணம் நடந்தது 1984இல், ஊர்க் கோவிலில். அதைப் பதிவு செய்யவேண்டும் என்று அப்போது யாருக்குத் தோன்றியது? அதனால் தாத்தா, அதாவது அம்மாவின் அப்பா பெயரையே சர்நேம் ஆக்கினோம். தந்தை பெயராக அது ஏற்கெனவே பாஸ்போர்ட்டில் இருந்ததால் வேலை சுலபம். ரீ-இஷ்யூவுக்கு 1,500 ரூபாய் கட்டி, திருச்சிக்கு ஒரு நடை போய்வந்தோம். மூன்று வாரத்தில் புதுப் புத்தகம் தபாலில் வந்தது. அம்மா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "இந்த வயசுல எங்கப்பா கூட வர்றாரு பாரு" என்றார். அதற்கப்புறம்தான் டிக்கெட் போட்டோம், பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்து எழுத்தாக.

நடுவில் ஒரு பயம். அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். பத்தாவது முடிக்காதவர்களுக்கு ஈசிஆர், அதாவது வெளிநாடு போக அரசின் அனுமதி வேண்டும் என்ற முத்திரை, விழும், ஏர்போர்ட்டில் நிறுத்திவிடுவார்கள் என்று ஒருவர் கிளப்பிவிட்டார். 50 வயது தாண்டியவர்களுக்கு அந்தச் சிக்கலே இல்லை. தவிர, அந்த அனுமதி வேலைக்குப் போகிறவர்களுக்குத்தான். இது தெரியாமல் இரண்டு நாள் தூக்கம் போனது.

உண்மையாகப் பயப்பட வேண்டியது மாத்திரை டப்பாவில் இருந்தது. அம்மாவுக்கு 15 வருஷமாகச் சர்க்கரை, பாத எரிச்சலுக்கு ராத்திரி ஒரு மாத்திரை. பட்டையின் பின்னால் பொடி எழுத்தில் பிரிகாபலின் என்று இருந்தது. இங்கே சர்க்கரைக்காரர்கள் வீட்டில் சர்வசாதாரணமாகக் கிடக்கும் மருந்து. அமீரகத்திலோ அது கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளில் ஒன்று. அனுமதி இல்லாமல் கொண்டுபோனால் போதைப் பொருள் விவகாரமாகிவிடும். டிராமடால், கோடீன் கலந்த இருமல் மருந்து, சில தூக்க மாத்திரைகள் எல்லாம் இதே ரகம்தான். பெட்டியின் மேல் இருக்கும் வியாபாரப் பெயரைப் பார்த்து எதுவும் தெரியாது, உள்ளே என்ன மருந்து என்று பார்க்க வேண்டும்.

மருந்தை நிறுத்திவிடலாமா என்று கேட்டேன். டாக்டர் முறைத்தார். அந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாதாம். மருந்துச்சீட்டையும் ஒரு மருத்துவ அறிக்கையையும் லெட்டர்ஹெட்டில் ஆங்கிலத்தில் எழுதி, கையெழுத்தும் முத்திரையும் போட்டுக் கொடுத்தார். அவற்றோடு பாஸ்போர்ட் நகலையும் சேர்த்து அண்ணன் அந்நாட்டுச் சுகாதார அமைச்சகத்தின் தளத்தில் விண்ணப்பித்து அனுமதி வாங்கினான். அதை மூன்று பிரதி எடுத்து, மாத்திரைகளைப் பட்டையோடு கைப்பையில் வைத்தோம். பிரித்துச் சின்ன டப்பாவில் போடும் அம்மாவின் பழக்கத்துக்கு மட்டும் தடை.

இன்ஷூரன்ஸ் படிவத்தில் சர்க்கரையை மறைக்கச் சொன்ன அன்பர்களும் உண்டு. மறைக்கவில்லை. பிரீமியம் கூடியது, போகட்டும்.

பெட்டி கட்டும் நாளில்தான் பெரிய சண்டை. குருமாப் பொடியில் அம்மா கசகசா சேர்த்திருந்தார். அது அபின் செடியின் விதை, அமீரகத்துக்குள் ஒரு சிட்டிகை கூடப் போகக் கூடாது. கொப்பரையையும் எடுத்தேன், எண்ணெய் அதிகம், தீப்பற்றும் என்று விமானத்தில் விடுவதில்லை. "அப்ப நான் என்னத்தைத்தான்டி கொண்டுபோறது?" என்று உட்கார்ந்துவிட்டார். புதிதாக அரைத்த பிரசவ மருந்துப் பொடியும் என்னென்ன போட்டார்கள் என்று கேட்டபிறகுதான் உள்ளே போனது.

அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டு அத்தை, துணியில் வைத்துத் தைத்த பார்சலோடு வந்தார். ஷார்ஜாவில் இருக்கும் மகனுக்காம். அம்மா வாங்கிப் பெட்டிமேல் வைத்துவிட்டார், முப்பது வருஷப் பழக்கம். நான் கேட்டேன், "அத்தை, உள்ள என்ன?" முறுக்கு, எள்ளுருண்டை, அப்புறம் கறி மசாலா. "கசகசா போட்டு வறுத்து அரைச்சது, அவனுக்கு அதுதான் பிடிக்கும்." பிரித்துப் பார்த்து முறுக்கை மட்டும் அனுப்புகிறேன் என்றேன். "என்னைச் சந்தேகப்படுறியா?" என்று பார்சலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பெட்டி அம்மா பெயரில் போகிறது, உள்ளே இருப்பதற்கெல்லாம் அம்மாதான் பதில் சொல்ல வேண்டும் என்பதை அந்த நேரத்தில் எப்படிச் சொன்னாலும் கசப்பாகத்தான் கேட்கும்.

வீல்சேருக்கு அம்மா ஒப்பவே இல்லை. "நான் என்ன நோயாளியா?" நடக்க முடியாததற்காக இல்லை, மொழி தெரியாத இடத்தில் கூடவே ஓர் ஆள் வருவார் என்று விளக்கியதும் அடங்கினார். டிக்கெட்டோடு சொல்லிவைத்ததால் தனிக்கட்டணம் கேட்கவில்லை. திருச்சி விமான நிலைய வாசலில் பெயர் சொன்னதும் ஒரு பையன் வந்து அழைத்துப் போனான். கழுத்தில் ஒரே சங்கிலி மட்டும். நிறைய நகை போட்டுப் போவதானால் புறப்படும்போதே சுங்கத்தில் காட்டிச் சான்று வாங்க வேண்டும், திரும்பும்போது நம் நகைக்கே நாம் கணக்குச் சொல்லக் கூடாது பாருங்கள். அந்த வேலையே வேண்டாம் என்று மற்றதெல்லாம் லாக்கரில்.

வாட்ஸ்அப் கால் அங்கே போகாது. அதனால் பாட்டிம் என்ற செயலியை அம்மா போனில் முன்பே போட்டுப் பழக்கியிருந்தேன். நாலு மணி நேரப் பயணம். அதற்கும் மேலே ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் மணி அடித்தது. "கண்ணைக் காட்டச் சொன்னாங்க, காட்டினேன், விட்டுட்டாங்க" என்றார். மாத்திரையை யாரும் கேட்கவே இல்லையாம். அண்ணி எப்படியிருக்கிறாள் என்று நான் கேட்பதற்குள் அம்மா குரலைத் தாழ்த்தினார்.

"அத்தை பேசினாளா?"

"இல்லம்மா."

"ஒரு கிண்ணம் பாயசம் கொண்டுபோய்க் குடுடி."